பத்துமணிப் பண்டத்துக்கு வந்த சபை

ரப்பர் விலை விழுந்தால் தோட்டங்களில் ஆளைக் குறைப்பார்கள். ஜொகூர் பாருவில் சபைகளைப் பெருக்குவார்கள். விலை அடியோடு விழுந்த அந்த வருஷம், அங்கே வேலை குறைந்துபோன கனவான்கள் நிறையப் பேர் இருந்தார்கள். காலையில் பத்திரிகை படித்தாயிற்று, மாலையில் கடலோரம் உலாவியாயிற்று என்றாலும் நடுவே ஒரு முழுப் பகல் மிச்சம் கிடந்தது. அதை என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு கூட்டம் போட்டு, மாலை மாற்றி, 'ஜொகூர் தோட்டத்துப் பாலர் சிற்றுண்டிச் சீர்திருத்த சபை' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். தோட்டத்துப் பாலர்கள் யாரும் இதைக் கேட்கவில்லை. அவர்களில் பாதிப் பேருக்குப் பேச்சே வரவில்லை.

கூலாயிலிருந்து உள்ளே தள்ளி சுங்கை லாபு என்று ஒரு தோட்டம். சீர்திருத்தத்துக்கு முதலில் அகப்பட்டது அதுதான். தோட்டத்தை நடத்திய துரை, சபைக்குச் சகல உதவியும் செய்வதாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார். கடிதம் தமிழில் இருந்ததால் அவர் அதைப் படிக்கவில்லை. ஆங்கிலத்தில் இருந்திருந்தாலும் படித்திருக்க மாட்டார், அது வேறு விஷயம்.

தோட்டத்தில் ஓர் ஆயாக் கொட்டகை உண்டு. தாய்மார்கள் விடியுமுன் பெரட்டு என்கிற ஆள்கணக்கு வரிசையில் நின்று பேர் கொடுத்துவிட்டு ரப்பர்ப் பாலுக்காகப் பட்டையைச் சீவி மரம் வெட்டப் போய்விடுவார்கள். பிள்ளைகள் கொட்டகையில் கிடக்கும். ஆயா சூசையம்மாள். நல்ல தாட்டியான உடம்பு, அதற்கேற்ற குரல், குரலுக்கேற்ற கோபம். பத்து மணிக்குப் பிள்ளைகளுக்கு ஏதாவது பண்டம் கொடுப்பாள். ஒரு நாள் சர்க்கரைவள்ளிக் கிழங்கை வேகவைத்துப் பிசைந்து தேங்காய்ப்பூ தூவித் தருவாள். ஒரு நாள் பாசிப்பயற்றை வேகவைத்து வெல்லம் சேர்த்து உருண்டை பிடிப்பாள். ஒன்றும் முடியாத நாளில் ஆளுக்கொரு வாழைப்பழம். இதில் வித்தை ஒன்றும் கிடையாது. கிழங்கும் தண்ணீரும் அடுப்பும் உள்ள எந்த வீட்டிலும் நடப்பதுதான்.

ஆனால் பத்து மணிக்குப் பிள்ளைகள் வாயில் ஏதாவது விழுந்தே ஆகவேண்டும். விழாவிட்டால் கொட்டகை அலறும். அலறல் பக்கத்து நிரைகளில் மரம் வெட்டும் தாய்மாருக்குக் கேட்கும். எந்தப் பிள்ளை யாருடையது என்று குரலிலேயே தெரியும். கத்தியைப் போட்டுவிட்டு ஓடி வருவார்கள். ஓடி வந்தால், ஆட்களை வேலை வாங்கும் மணியம் கங்காணி அரைப்பேர் போட்டுவிடுவார். அரைப்பேர் என்றால் அன்றைக்குப் பாதிக் கூலி. ஆகவே சுங்கை லாபுவில் ஒரு கிழங்குத் துண்டு என்பது லேசுப்பட்ட சமாசாரம் இல்லை.

முதலில் சபையின் செயலாளர் ஐயாசாமி வந்தார். கையில் ஓர் இரும்பு அளவுகோல், ஒரு சின்னத் தராசு, ஒரு பூதக்கண்ணாடி. தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி ரபேல் அவரைக் கொட்டகைக்கு அழைத்து வந்தார். ரபேலுக்குப் பெரிய மனிதர்களைக் கண்டால் கை தானாகத் தொப்பியைக் கழற்றிவிடும். தொப்பி இல்லாத நாளில் தலையைச் சொறிவார். அன்று தொப்பி இல்லை.

செயலாளர் ஒரு கிழங்கை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இதற்குப் பெயர்?"

"கெழங்குங்க," என்றாள் சூசையம்மாள்.

"முழுப் பெயர்?"

"சக்கரவள்ளிக் கெழங்குங்க."

"இது ஏன் வளைந்திருக்கிறது?"

சூசையம்மாள் கிழங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இத்தனை வருஷமாக அவித்தும் அவளுக்கு இது தோன்றாமல் போய்விட்டது.

"மண்ணுக்குள்ள இருந்துச்சுங்க. அப்ப நாங்க யாரும் கூட இல்ல."

செயலாளர் பெருமூச்சு விட்டார். "ஒரு குழந்தைக்கு நேரான கிழங்கு, மற்றொரு குழந்தைக்கு வளைந்த கிழங்கு. இதிலிருந்துதான் பாரபட்சம் பிறக்கிறது. பாரபட்சம் வளர்ந்து கலகமாகிறது. தேசங்கள் எப்படி அழிந்தன என்று நினைக்கிறாய்?"

"கெழங்குனாலயாங்க?" என்று கேட்டாள் அவள், உண்மையாகவே பயந்துபோய்.

அடுத்து வாழைப்பழம். செயலாளர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "தோல் மூடியிருக்கிறது. உள்ளே இருப்பது என்னவென்று உரித்தால்தான் தெரியும். உரித்துவிட்டாலோ அது ஏற்கெனவே திறக்கப்பட்ட பண்டம். திறந்த பண்டத்தைச் சபை ஏற்பதில்லை. திறக்காத பண்டத்தைச் சபை நம்புவதில்லை."

பயற்றம் உருண்டைக்கு வந்தபோது அவர் முகம் இன்னும் இருண்டது. பூதக்கண்ணாடியை வைத்து வெகுநேரம் பார்த்தார். "ஒவ்வொரு பயறும் ஒரு தனி உணவு. இவை ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. இது கூட்டம். கூட்டம் கூட முன் அனுமதி வாங்கியதா?"

கிராணி தலையைச் சொறிந்தார். அனுமதி வாங்கவில்லை என்பது தெளிவாக இருந்தது.

முடிவு உடனே அறிவிக்கப்பட்டது. சபைத் தலைவர் நேரில் எழுந்தருளி, பரிசோதனை நடத்தி, ஒரு மாதிரிச் சிற்றுண்டியைத் தேர்ந்தெடுக்கும் வரையில் பத்து மணிக்குப் பிள்ளைகள் வாயில் எதுவும் போகக்கூடாது.

"தலைவரு எப்ப வருவாருங்க?"

"மோட்டார் கிடைத்ததும்."

மோட்டார் கிடைக்கும்வரை செயலாளர் தோட்டத்து விருந்தினர் பங்களாவிலேயே தங்கி, உத்தரவு மீறப்படுகிறதா என்று கண்காணித்தார். பங்களாவில் அவருக்குப் பத்து மணிக்கு முட்டையும் ரொட்டியும் கோப்பியும் வந்தன. அது சிற்றுண்டி அல்ல, அலுவல்.

மறுநாள் பத்து மணிக்குக் கொட்டகை அலறிய அலறலில் குரங்குகள் அடுத்த தோட்டத்துக்குக் குடிபோய்விட்டன. தாய்மார்கள் நிரையை விட்டு ஓடி வந்தார்கள். எல்லாருக்கும் முன்னால் கருப்பாயி. அவள் மகள் செல்லக்கண்ணு அலறுவதில் கொட்டகைக்கே தலைமை தாங்குபவள்.

"ஏ சூசம்மா! எம்புள்ள வயித்துக்குள்ள என்னடி சபையா நடக்குது? ஒரு துண்டு கெழங்கு குடுக்க உனக்குக் கையி வரலியா?"

"என்னைக் கேக்காத. கெழங்கு கோணலா இருக்காம். தேசம் அழிஞ்சுபோயிருமாம்."

"அலமாக்! எவன் சொன்னது?"

"பங்களாவுல முட்ட தின்னுக்கிட்டு இருக்காரு, போயிக் கேளு."

போய்க் கேட்க நேரமில்லை. பின்னாலேயே மணியம் கங்காணி வந்து எல்லாருக்கும் அரைப்பேர் போட்டார். அவருக்கும் மனசு கேட்கவில்லைதான். ஆனால் மனசு கேட்காதபோதெல்லாம் அரைப்பேர் போடாமல் இருந்தால் அவர் எப்படிக் கங்காணி?

ரபேல் கிராணி அன்று முழுதும் யோசித்தார். மாலையில் சூசையம்மாளிடம் வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"சூசம்மா, சிற்றுண்டி குடுக்கக் கூடாதுன்னுதான் உத்தரவு. சிற்றுண்டி குடுக்கிறதுக்கு ஒத்திக பாக்கக் கூடாதுன்னு உத்தரவு இல்ல. நீ குடு. யாரும் கேட்டா, தலைவர் வர்ற அன்னிக்கு எப்படிக் குடுக்கிறதுன்னு ஒத்திக பாக்கிறோம்னு சொல்லு."

"நாங்க தின்னா ஒத்திக, அவரு தின்னா அலுவலு. நல்லா இருக்குய்யா ஒங்க ஞாயம்," என்றாள் சூசையம்மாள். ஆனாலும் கிழங்கை அடுப்பில் ஏற்றிவிட்டாள்.

அடுத்த நாள் பிள்ளைகள் தின்றன, கொட்டகை அமைதியாக இருந்தது. அமைதிதான் காட்டிக் கொடுத்தது. செயலாளர் விசிறியோடு வந்து பார்த்தார். ஒத்திகை என்று கேள்விப்பட்டதும் அவருக்குக் கோபம் வரவில்லை, பெரும் மகிழ்ச்சி வந்தது.

"மிக உயர்ந்த யோசனை! ஆனால் ஒத்திகையில் எதற்குப் பண்டம்? நாடக ஒத்திகையில் அரசனைக் கொல்கிறார்கள். உண்மையாகவா கொல்கிறார்கள்?"

அன்று முதல் வெறும்வாய்ப் பயிற்சி ஆரம்பமாயிற்று. பத்து மணிக்கு மணி அடிக்கும். பிள்ளைகள் வரிசையில் நிற்கவேண்டும். நிற்கத் தெரியாத பிள்ளைகளை, நிற்கத் தெரிந்த பிள்ளைகள் பிடித்துக்கொள்ளவேண்டும். செயலாளர் 'திற' என்றால் திறக்கவேண்டும், 'மெல்' என்றால் மெல்லவேண்டும், 'விழுங்கு' என்றால் விழுங்கவேண்டும். ஒரு பிள்ளை திறந்த வாயை மூட மறந்து தூங்கிவிட்டது. இன்னொன்று தன் பக்கத்துப் பிள்ளையின் காதை மென்றது. செல்லக்கண்ணு, வாய்க்கு நேராக வந்த செயலாளரின் விரலைப் பண்டம் என்று நினைத்துக் கடித்துவிட்டாள். அவள் விடுவதாக இல்லை. விரலை மீட்பதற்கு ரபேலும் சூசையம்மாளும் சேர்ந்து பாடுபட்டார்கள். 'பாலர்களிடையே ஆர்வம் ததும்புகிறது' என்று செயலாளர் அன்றைய அறிக்கையில் இடது கையால் எழுதினார்.

தாய்மார்கள் தினமும் ஓடி வந்தார்கள், தினமும் அரைப்பேர் விழுந்தது. கடைசியில் துரைக்கே ரப்பர்ப் பால் குறைந்தது தெரிந்துவிட்டது. பால் ஏன் குறைந்தது என்று அவர் கேட்கவில்லை, யாரால் குறைந்தது என்று கேட்டார். மணியம் கங்காணி பெரட்டில் வந்து நின்றார். குரல் அவருக்கே பிடிக்காத மாதிரி வந்தது.

"இந்தா பாருங்க, தொரை கண்டிசனா சொல்லிட்டாரு. இனிமே புள்ள அழுவுதுன்னு எவ நெரைய விட்டு வந்தாலும் அரைப்பேர் கெடையாது. பேரையே வெட்டிருவாரு. ஊருக்குக் கப்பல் டிக்கட்தான்."

 அந்த வருஷம் பேர் வெட்டுப்பட்டவர்களுக்கு வேறு தோட்டத்திலும் வேலை இல்லை. கருப்பாயி மட்டும் கொட்டகைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். செல்லக்கண்ணு அழுதால் தான் ஓடித்தான் போவாள் என்று அவளுக்குத் தெரியும். சூசையம்மாளுக்கும் தெரியும்.

அன்றைக்கே, நல்லவேளையாக, மோட்டார் கிடைத்துவிட்டது என்று தகவல் வந்தது. தலைவர் மறுநாள் காலை வருகிறார். பண்டம் தேறிவிட்டால் பத்து மணிக்கே கொடுத்துவிடலாம். ஆனால் விதிப்படி அது ஓர் இரவு தனியே இருந்து தன் ஒழுக்கத்தை நிரூபிக்கவேண்டும். ஈ உட்காரக் கூடாது, எறும்பு அண்டக் கூடாது, உதிரக் கூடாது, கையில் ஒட்டக் கூடாது, எல்லாம் ஒரே அளவாக இருக்கவேண்டும். ருசியைப் பற்றி விதியில் எதுவும் இல்லை. ருசி என்பது தனிமனித விருப்பு வெறுப்பு, சபை அதற்கெல்லாம் அப்பாற்பட்டது என்று செயலாளர் விளக்கினார்.

சூசையம்மாள் மாதாவை வேண்டிக்கொண்டு பயற்றம் உருண்டை பிடித்தாள். வாழ்நாளில் அவ்வளவு உருண்டையாக எதையும் அவள் பிடித்ததில்லை. தட்டை எங்கே வைப்பது என்ற கேள்வி வந்தது. பூட்டு உள்ள இடம் தோட்டத்தில் ரப்பர் ஸ்டோர் ஒன்றுதான். அங்கேயே வைத்துப் பூட்டி, சாவியைச் செயலாளர் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

ஸ்டோரில் ஒரு வழக்கம் உண்டு. ஆட்கள் கொண்டுவரும் ரப்பர்ப் பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்க, ஒவ்வொரு வாளியிலிருந்தும் ஒரு கரண்டி எடுத்துச் சின்னக் கிண்ணத்தில் ஊற்றி, ஆசிட் விட்டு உறைய வைப்பார்கள். உறைந்தபின் கவிழ்த்துத் தட்டில் அடுக்கி, காலையில் நிறுப்பார்கள். பார்ப்பதற்கு வெள்ளை வெளேரென்று இட்லி போல இருக்கும். அப்படி ஒரு தட்டு உருண்டைத் தட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது. ரப்பரே பார்க்காமல் ரப்பர்த் தோட்டத்துப் பிள்ளைகளைச் சீர்திருத்த வந்த ஒருவரைத் தவிர வேறு யாருக்கும் அதில் குழப்பம் வர நியாயமில்லை.

காலையில் செயலாளர் கதவைத் திறந்தார். ஒரு தட்டில் உருண்டைகள் கறுப்பாக நகர்ந்துகொண்டிருந்தன. சபையின் உத்தரவு எறும்புகளுக்கு எட்டவில்லை போலும். மற்றத் தட்டில் ஈ இல்லை, எறும்பு இல்லை, அத்தனையும் ஒரே அளவு. ஆயா இரண்டு வகைப் பண்டம் வைத்திருக்கிறாள் என்று அவர் முடிவு செய்தார். முதல் தட்டை வெளியே கொட்டச் சொன்னார். இரண்டாம் தட்டின்மேல் பட்டுத் துணியைப் போர்த்திக் கொட்டகைக்கு எடுத்து வந்தார்.

தலைவர் சதாசிவம் பத்து மணிக்குச் சற்று முன்னால் வந்து இறங்கினார். டசர் பட்டுக் கோட்டு, வெள்ளித் தலைப் பிரம்பு. ஏதோ ஒரு கந்தோரில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றதை அவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

தட்டைத் திறந்ததும் சூசையம்மாளுக்கு வாய் பிளந்துவிட்டது. "ஐயா, இது என் பண்டம் இல்லீங்க. இது ரப்பருங்க."

"தோற்றவர்கள் வென்றதைப் பழிப்பது இயல்பு," என்றார் செயலாளர்.

"தோத்தது நான்தாங்க, ஜெயிச்சது யாருங்க?"

ரபேல் கிராணி தலையை இரண்டு கையாலும் சொறிந்துகொண்டு முன்னால் வந்தார். "தலைவர் அவர்களே, ஒரு சின்ன விஷயம்..."

"பரிசோதனையின்போது விஷயங்கள் அனுமதிக்கப்படுவதில்லை," என்றார் தலைவர்.

அவர் ஒரு கட்டியை எடுத்து அமுக்கினார். விட்டதும் அது பழைய வடிவத்துக்கு வந்தது. "ஆகா, தன்மானம்!" என்றார். இழுத்துப் பார்த்தார், உதிரவில்லை. "ஒற்றுமை!" முகர்ந்து பார்த்தார், ஆசிட் வாடை குப்பென்று அடித்தது. "சுத்தத்தின் மணம்!" கை தவறி அது கீழே விழுந்தது. விழுந்த வேகத்தில் எம்பி அவர் கோட்டுப் பையில் தட்டி மேசைக்கே வந்து சேர்ந்தது. வேடிக்கை பார்க்க வந்திருந்த ஸ்டோர் ஆட்கள் சிலர் சிரித்தார்கள். தலைவருக்கோ கண் கலங்கிவிட்டது.

"கனவான்களே!" என்று பேச ஆரம்பித்தார். அங்கே கனவான் என்று சொல்லும்படி வேறு யாரும் இல்லை. "குழந்தை கீழே போட்டாலும் மண்ணில் தங்காத ஒரு சிற்றுண்டியை இந்த உலகம் இதுவரை கண்டதில்லை. தின்னத் தின்னக் குறைவதே மற்றப் பண்டங்களின் குற்றம். இதை நான் உற்றுப் பார்த்த அளவில், எத்தனை நாள் தின்றாலும் இது குறையாது என்று தோன்றுகிறது. செலவு மிச்சம்! நான் குழந்தைகளோடு பழகியவன் அல்லன். என் சொந்தக் குழந்தைகளையே தூரத்திலிருந்துதான் வளர்த்தேன். அதனால்தான் என் தீர்ப்பில் கறை இல்லை. இது பண்டமல்ல, அமுதம்!"

மாதிரிச் சிற்றுண்டி தீர்மானமாயிற்று. மணி பத்து அடித்தது. பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு கட்டி கொடுக்கப்பட்டது. செல்லக்கண்ணு முதலில் கடித்தாள். பல் இறங்கவில்லை. துப்பினாள். துப்பியதை எடுத்து எறிந்தாள். அது தலைவரின் பிரம்பில் பட்டுத் திரும்பி அவளிடமே வந்தது. அவ்வளவுதான், அத்தனை பிள்ளைகளும் எறிய ஆரம்பித்துவிட்டன. கொட்டகை முழுக்க மாதிரிச் சிற்றுண்டி குதித்தது. செயலாளர் மேசைக்கு அடியில் புகுந்துகொண்டார்.

கொஞ்ச நேரம்தான் அந்தக் கும்மாளம். பசி வயிற்றை இழுத்ததும் ஒரு பிள்ளை சிணுங்கிற்று, அடுத்தது உதட்டைப் பிதுக்கிற்று. பக்கத்து நிரையில் கத்திச் சத்தம் நின்றது. மரங்களுக்கு நடுவே கருப்பாயி தெரிந்தாள். ஒரு கால் பாதையில், ஒரு கால் நிரையில். மணியம் கங்காணி அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏன் உண்ணவில்லை?" என்று கோபித்தார் தலைவர்.

சூசையம்மாள் தலைவருக்கு முன்னால் வந்து கைகூப்பினாள்.  "பெத்தவ ஒரு வாயி தின்னு காட்டுனாத்தாங்க புள்ள வாயத் தொறக்கும். எல்லா வீட்டுலயும் அதுதான் வழக்கம். இங்க எல்லாத்துக்கும் பெரியவங்க நீங்கதான். 'ஆ'ன்னு ஒரு வாயி தின்னு காட்டுங்க சாமி."

தலைவர் சுற்றிலும் பார்த்தார். அமுதம் என்று சொல்லியாயிற்று. பின்வாங்க வழியில்லை. பெரிய கட்டியாக எடுத்து வாயில் போட்டு, பலம்கொண்ட மட்டும் கடித்தார். தலைவரின் பற்கள் சிங்கப்பூரில் செய்து வாங்கியவை. மேல்வரிசையும் கீழ்வரிசையும் ரப்பருக்குள் இறங்கின. இறங்கியவை திரும்பவில்லை.

"ம்ம்ம்," என்றார் தலைவர்.

அதே சமயம் செல்லக்கண்ணு மூச்சை உள்ளே இழுத்தாள். அவள் அப்படி இழுத்தால் அடுத்து என்ன வரும் என்று தோட்டத்துக்கே தெரியும். கருப்பாயி இரண்டாவது காலையும் பாதையில் வைத்துவிட்டாள்.

சூசையம்மாள், எதற்கும் இருக்கட்டும் என்று காலையிலேயே அடுப்பில் ஏற்றியிருந்த பானையை இறக்கி மேசைமேல் வைத்து மூடியைத் திறந்தாள். வெந்த கிழங்கின் ஆவி எழும்பிற்று. "ஐயா, கெழங்கு குடுக்கட்டுங்களா?"

"ம்ம்ம்! ம்ம்!"

"வேணாம்னா வேணாம்னு வாயத் தொறந்து சொல்லிருங்க, ஐயா."

"ம்ம்ம்ம்!"

"செயலாளர் ஐயா, அவரு வேணாம்னு சொன்னாருங்களா?"

செயலாளர் மேசைக்கு அடியிலிருந்து தலையை நீட்டித் தலைவரைப் பார்த்தார். விதிகளை மனசுக்குள் புரட்டினார். தலைவர் முன்னிலையில் மறுக்கும் அதிகாரம் தலைவருக்கு மட்டுமே, அதுவும் வாய்மொழியாக. தலைவரின் வாயிலிருந்து மொழி வரவில்லை. "ஆட்சேபனை இல்லை," என்று அறிவித்தார். "ஏகமனதாக நிறைவேறியது."

அவர் முடிப்பதற்குள் செல்லக்கண்ணுவின் திறந்த வாய்க்குள் கிழங்கு போய்விட்டது. கோணல் கிழங்குதான். இழுத்த மூச்சு அப்படியே விழுங்கப்பட்டது. பிறகு ஒரு வாய், இன்னொரு வாய், வரிசை முழுக்க வாய்கள். வெறும்வாய்ப் பயிற்சி வீண்போகவில்லை, 'திற' என்று யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. கருப்பாயி காதைத் தீட்டிக்கொண்டு சற்று நின்றாள். பிறகு ஒரு காலை எடுத்தாள், மறு காலையும் எடுத்தாள், நிரைக்குள் போய் மரத்தில் கத்தியை வைத்தாள். மணியம் கங்காணி பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு வேறு பக்கம் நடந்தார். ரபேல் கிராணி தலைக்குப் போன கையை மடக்கிப் பின்னால் கட்டிக்கொண்டார்.

வைத்தியரைத் தேடி மோட்டாரில் கூலாய்க்குப் போன டிரைவர் சீக்கிரம் திரும்பவில்லை. அதுவரை கொட்டகையின் ஓரத்தில் உட்கார்ந்து ஒருவர் மூக்கால் அழுதுகொண்டே இருந்தார். தோட்டம் முழுக்கக் கேட்டது. ஆனால் அந்தக் குரலுக்கு ஒரு தாயும் மரத்தை விட்டு வரவில்லை.